எந்த லினக்ஸ்? வீட்டு மேசைக்கு ஒன்று, சர்வர் பழக இரண்டு

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் டிப்ளமோ முடித்துவிட்டு சர்வர் பராமரிப்பு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி வந்தான். இன்டெல் ஐ5, மூன்றாம் தலைமுறை, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி மாற்றியது. அதில் இருந்த விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி அந்த மெஷினில் ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், கூடவே டிபிஎம் 2.0 வேண்டும். "அண்ணா, லினக்ஸ் போட்டுடலாம்னு இருக்கேன். எதைப் போடட்டும்? வீட்டு வேலையும் ஆகணும், சர்வரும் கத்துக்கணும்" என்று வந்து நின்றான்.

ஒரே மூச்சில் கேட்டாலும் அவன் கேட்டது இரண்டு கேள்வி. தினமும் மடியில் வைத்து வேலை பார்க்கும் கணினிக்கு எது ஏற்றது என்பது ஒன்று. சம்பளத்துக்குப் போய் உட்காரும் இடத்தில் எது ஓடிக்கொண்டிருக்கும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே விடை இருந்தே தீர வேண்டும் என்று நினைப்பதால்தான் ஆறு மாதத்தில் எட்டு லினக்ஸ் மாற்றிப் போட்டவர்கள் நம்மிடையே உலவுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

சொல் பற்றி ஒரு வார்த்தை. டிஸ்ட்ரிப்யூஷனைத் தமிழில் 'வழங்கல்' என்கிறோம், சர்வரை 'வழங்கி' என்கிறோம். இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் 'வழங்கிக்கு ஏற்ற வழங்கல்' என்று எழுதினால் எழுதியவனுக்கே தலை சுற்றும். ஆகவே இங்கே டிஸ்ட்ரோ, சர்வர் என்றே சொல்லிவிடுகிறேன்.

பார்வைக்குத் தெரியாத வேறுபாடு

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது கர்னல் மட்டுமே. வன்பொருளோடு பேசும் அந்த அடிப்படை நிரலை வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட அடிக்க முடியாது. குனூ திட்டத்தின் கருவிகள், வரைகலை முகப்பு, பிரவுசர், நிறுவும் நிரல், புதுப்பிப்புகளைக் கொண்டுவரும் ஏற்பாடு ஆகியவற்றை அதனுடன் பொருத்திச் சோதித்து முழுமையாகத் தருபவர் ஒருவர் வேண்டும். அவர் தருவதுதான் டிஸ்ட்ரோ. 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் இன்றும் அவர் கையில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் மாணவராக இருந்த இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து ஒட்டியதுதான் அந்தப் பெயர். ரெட் ஹேட், சூசே இரண்டும் அதே தொண்ணூறுகளின் முதல் பாதியில் கிளைத்தவை. இன்று பெயர் எத்தனை நூறு இருந்தாலும், பெரும்பாலானவற்றின் வேரைத் தோண்டினால் இந்தக் குடும்பங்களில் ஒன்றில் போய்த்தான் முட்டும். உபுண்டு டெபியனின் பிள்ளை, லினக்ஸ் மின்ட் உபுண்டுவின் பிள்ளை. தனி வழி போன ஆர்ச், ஜென்டூ, ஆல்பைன் போன்றவை சில உண்டு.

புதிதாக வருபவர் முதலில் பார்ப்பது திரையின் அழகை. அங்கேதான் ஏமாற்றமும் தொடங்குகிறது. அந்த அழகு பெரும்பாலும் டிஸ்ட்ரோவுடையது அல்ல, அதன் மேல் போர்த்திய டெஸ்க்டாப் சூழலுடையது. கினோம், கேடிஈ பிளாஸ்மா, சின்னமன், எக்ஸ்எஃப்சிஈ என்று பல இருக்கின்றன. ஏறக்குறைய எந்த டிஸ்ட்ரோவிலும் எதையும் போட்டுக்கொள்ளலாம். டெபியனில் கேடிஈ போட்டவரும் ஃபெடோராவில் கேடிஈ போட்டவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் யார் திரை எதுவென்று சட்டென்று சொல்ல முடியாது. சுவர்ப் படத்துக்காக டிஸ்ட்ரோ மாற்றுவது, பெயின்ட் பிடிக்கவில்லை என்று வீட்டையே மாற்றுவது போன்றது.

இன்னொரு பொறி, டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசை. 2001 முதல் இயங்கும் பயனுள்ள தளம்தான். ஆனால் அந்த வரிசை எத்தனை பேர் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு அல்ல. அந்தத் தளத்தில் எந்த டிஸ்ட்ரோவின் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு. தளத்தாரே அதைச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி அந்த வரிசையின் முதல் பத்தைத் தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? யார் பராமரிக்கிறார்கள், எத்தனை ஆண்டுக்கு, எந்த வேகத்தில். இந்த மூன்றுதான். மற்றதெல்லாம் ருசி.

காலக்கெடுவும் வேகமும்

ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டெபியனின் புதிய நிலைப் பதிப்பு வரும். பதின்மூன்றாம் பதிப்பான 'டிரிக்சி' 2025 ஆகஸ்ட் 9இல் வந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று ஆண்டு முழு ஆதரவு, அதன்பின் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுக் குழுவின் தயவில் இரண்டு ஆண்டு. உபுண்டுவில் இரட்டைப்படை ஆண்டு ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் பதிப்புக்கு ஐந்து ஆண்டு. உபுண்டு புரோ கணக்கு திறந்தால் அது பத்து ஆண்டாகும். தனிநபருக்கு ஐந்து கணினி வரை காசில்லை. இடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் சாதாரணப் பதிப்புக்கோ ஒன்பதே மாத ஆயுள். எல்டிஎஸ் என்ற மூன்றெழுத்தைக் கவனிக்காமல் இறக்கிவிட்டு, பத்தாம் மாதம் "அப்டேட் வரல" என்று புலம்புபவர்கள் உண்டு. ஃபெடோராவுக்குப் பதிமூன்று மாதம். ரெட் ஹேட் என்டர்பிரைசும் அதை ஒட்டி நடக்கும் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்சும் பத்து ஆண்டு. ஆர்ச்சுக்குப் பதிப்பெண்ணே கிடையாது, ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். ஓப்பன்சூசே டம்பிள்வீடும் அப்படித்தான்.

புதியது நல்லதா, பழையது நல்லதா என்று லினக்ஸ்காரர்கள் நடத்தும் சண்டைக்கு முடிவே இல்லை. இரண்டு சம்பவங்களை வைத்துப் பார்க்கலாம்.

2024 மார்ச் இறுதி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் தன் டெபியன் 'சிட்' கணினியில் ஒரு சோதனை ஓட்டிக்கொண்டிருந்தார். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைப் பார்த்தார். அரை நொடிதானே என்று விடாமல் நூலைப் பிடித்துக்கொண்டே போனால், எக்ஸ்இசட் என்னும் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு கள்ளக் கதவு. ஜியா டான் என்ற பெயரில் வந்த யாரோ ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லபிள்ளையாகப் பங்களித்து, பராமரிப்பாளர் பொறுப்பையே பெற்றுக்கொண்டு வைத்த வேலை அது. அதைச் சுமந்தவை டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகள், டம்பிள்வீடு போன்ற வேகக்கார டிஸ்ட்ரோக்கள். டெபியன் நிலைப் பதிப்புக்கும் ரெட் ஹேட் என்டர்பிரைசுக்கும் அது எட்டவேயில்லை. அவை பழைய எக்ஸ்இசட்டையே வைத்திருந்தன. 'சிட்' என்பது டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையன் பெயர். டெபியனின் பதிப்புப் பெயர்கள் எல்லாமே அந்தப் பட வரிசையின் பாத்திரங்கள்தான். நிலையில்லாத கிளைக்கு அந்தப் பையன் பெயரை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

அதற்காக நிலைப் பதிப்பு என்றால் தங்கம் என்றும் எண்ண வேண்டாம். 2006இல் டெபியனின் பராமரிப்பாளர் ஒருவர் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஒரு எச்சரிக்கையை அடக்குவதற்காக வரியொன்றை நீக்கினார். சாவி உருவாக்கும்போது வர வேண்டிய தற்செயல் எண்களின் வளம் அதோடு வற்றிப்போனது. ஒரு வகைச் சாவிக்கு மொத்தமே 32 ஆயிரத்துச் சொச்சம் வாய்ப்புகள்தான் என்ற நிலை. 2008 மே மாதம் வெளியே தெரியும்வரை டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகள் எல்லாம் அப்படியே. மூல நிரலை டிஸ்ட்ரோக்காரர் தொடுவதிலும் ஆபத்து உண்டு என்பதற்கு அது சாட்சி.

என் கணிப்பைக் கேட்டால், தினப்பாட்டுக் கணினிக்கு நிலைப் பதிப்பே போதும். அண்மையில் வாங்கிய புத்தம்புது லேப்டாப், புது கிராபிக்ஸ் கார்டு என்றால் மட்டும் புதிய கர்னல் தேவைப்படும். அவர்களுக்கு ஃபெடோரா பொருந்தும். ஆர்ச்சை, அதை நிறுவுவதையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்பவருக்கு விட்டுவிடலாம். அதன் விக்கியை மட்டும் எல்லோரும் புத்தகக்குறியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்த டிஸ்ட்ரோ ஓட்டினாலும் சிக்கல் வரும்போது கடைசியில் அங்கேதான் போய் நிற்பீர்கள்.

மேசைக் கணினி: நம் ஊர்க் கணக்கு

வெளிநாட்டு விமர்சனங்களில் விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று பக்கம் பக்கமாக இருக்கும். நம் வீட்டுக் கேள்விகள் வேறு. வைஃபை எடுக்குமா, பிரிண்டர் ஓடுமா, தமிழ் அடிக்க முடியுமா, டாலி ஓடுமா.

வைஃபையைப் பொறுத்தவரை டெபியன் பழைய டெபியன் இல்லை. கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரைத் தனியே தேடிப் போட வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. இன்டர்நெட் வர வைஃபை வேண்டும், வைஃபை வர இன்டர்நெட் வேண்டும் என்ற கூத்து. 2022இல் திட்ட உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தபின், 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் அது நிறுவும் கோப்புக்குள்ளேயே வருகிறது. பிரிண்டர்தான் இன்னும் சூதாட்டம். அண்மைக்கால நெட்வொர்க் பிரிண்டர்கள் டிரைவர் கேட்காமலே ஓடிவிடுகின்றன. பழைய மலிவு லேசர் சிலவற்றுக்கு நிறுவனம் கொடுத்த டிரைவரும் பாதி உயிர்தான். என் வீட்டில் இருந்த ஒன்றோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டிவிட்டு ஜெராக்ஸ் கடைக்கே போய்விட்டேன். கடைசியில் சிக்கலைத் தீர்த்தது டிஸ்ட்ரோ மாற்றம் அல்ல. எக்ஸ்சேஞ்சில் வாங்கிய வேறு பிரிண்டர்.

டாலி ஓடாது. அது விண்டோசுக்கான மென்பொருள். கணக்கு எழுதிப் பிழைப்பவரிடம் லினக்ஸ் பிரசாரம் செய்வது பாவம். ஃபோட்டோஷாப், இன்டிசைன் ஓட்டும் டிடிபி கடைக்காரரிடமும் அப்படியே.

தமிழ்? யூனிகோடு தமிழ் எந்த டிஸ்ட்ரோவிலும் சிக்கலில்லை. ஐபஸ் நிரலோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு, ஒலிபெயர்ப்பு என்று எல்லா விசைப்பலகையும் வந்துவிடும். லோகித், நோட்டோ எழுத்துருக்கள் களஞ்சியத்திலேயே உண்டு. டெபியனை நிறுவும்போதே தமிழைத் தேர்ந்து, கேள்விகள் அத்தனையையும் தமிழில் படித்துப் பதில் சொல்லலாம். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தமிழ் ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் செய்த மொழிபெயர்ப்பு அது. சிக்கல் வருவது பழைய கோப்புகளில். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த இருபது வருடக் கோப்புகள் உள்ளவர், யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றைக் கைவசம் வைத்துக்கொண்டுதான் விண்டோசை விட்டுக் கிளம்ப வேண்டும். டெர்மினலில் தமிழ் இன்னும் கொம்பும் காலும் பிரிந்து தள்ளாடுகிறது. கட்டம் கட்டமாக எழுத்தை நிறுத்தும் அந்த அமைப்புக்கு 'கொ' எத்தனை கட்டம் என்று தெரியவில்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, முதல் முறை வருபவருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு. 2006இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கியது. உபுண்டு எல்டிஎஸ் மேல் கட்டுகிறார்கள். 22ஆம் வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு. கீழே பட்டி, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் 7இல் பழகிய கைக்கு அப்படியே பொருந்தும். ராம் 4 ஜிபி என்றாலும் சமாளிக்கலாம். அதற்கும் குறைவென்றால் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு.

நேரடியாக உபுண்டுவே போட்டால் என்ன? தாராளமாகப் போடலாம். 2004 அக்டோபரில் மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிவைத்த உபுண்டு இல்லாவிட்டால் லினக்ஸ் மேசைக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது. கேட்டவருக்கெல்லாம் இலவச சிடியைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள். 2011 வரை அது நடந்தது. கல்லூரி விடுதி அலமாரிகளில் அந்த உறைகள் அடுக்கடுக்காக இருக்கும். இப்போது பலருக்கு உள்ள மனக்குறை, ஸ்னாப் என்ற அவர்களின் பொதி வடிவம். 22.04 முதல் ஃபயர்பாக்சையே ஸ்னாப் வடிவில்தான் தருகிறார்கள். பழைய கணினியில் முதல் முறை திறக்க நேரம் பிடிக்கும், ஸ்னாப் கடையின் சாவியும் நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது. மின்ட் தன் 20ஆம் பதிப்பிலேயே ஸ்னாப்புக்குத் தடை போட்டுவிட்டது. இது கொள்கைச் சண்டையும்கூட. கணினியில் மெயில் பார்க்கும் அம்மாவுக்கு இதில் எந்தப் பக்கமும் இல்லை.

நம் ஊர் அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' லினக்ஸ் உருவாக்கியது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோசுடன் பாசும் சேர்ந்தே வந்தது. கணினி திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பாசைத் தேர்ந்து உள்ளே போனவரை விரல் விட்டு எண்ணலாம். மென்பொருள் மோசமில்லை. சந்தேகம் கேட்க வகுப்பில் ஆளில்லை, வாத்தியாருக்கும் பழக்கமில்லை, அண்ணன் அக்காவுக்கும் தெரியாது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் பள்ளிப் பாடமும் ஆசிரியர் பயிற்சியும் கட்டற்ற மென்பொருளில் நடந்ததால் அங்கே லினக்ஸ் வகுப்பறையில் தங்கியது. தம்பிக்கு நான் மின்ட்டைச் சொன்னதற்கு ஒரு காரணம் இதுதான்: அது மாட்டிக்கொண்டால் தெருவுக்குள் எடுத்துக்கொண்டு வர என் வீடு இருக்கிறது.

சர்வர் பழக

சர்வர் உலகில் லினக்சை எதிர்த்துப் பேச ஆளில்லை. உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ். ஆனால் எந்த லினக்ஸ் என்பது போகும் நிறுவனத்தைப் பொறுத்தது. வங்கி, தொலைத்தொடர்பு, அரசு, பெரிய ஐடி கம்பெனிகளின் பராமரிப்புப் பிரிவு என்றால் ரெட் ஹேட் குடும்பம். ஸ்டார்ட்அப், வெப் ஹோஸ்டிங், கிளவுட் என்றால் உபுண்டு, டெபியன். சாப் ஓடும் இடத்தில் சூசே கண்ணில் படும். அமேசான் கிளவுடில் அவர்களுடைய சொந்த அமேசான் லினக்ஸ் வேறு. 2023 பதிப்பு ஃபெடோராவின் வழிவந்தது. டாக்கர் பக்கம் போனால் ஆல்பைன் வந்து நிற்கும்.

ரெட் ஹேட் வேண்டும் ஆனால் காசில்லை என்றவர்களுக்கு 2004 முதல் சென்ட்ஓஎஸ் இருந்தது. ரெட் ஹேட்டின் மூல நிரலை எடுத்து, முத்திரையை நீக்கி, மறுபடி கட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். பயிற்சி நிலையங்கள் முதல் பல்கலைக்கழக ஆய்வகங்கள் வரை அதுவே. 2014இல் ரெட் ஹேட்டே அதைத் தன் குடைக்குள் எடுத்துக்கொண்டது. 2019இல் ஐபிஎம் 34 பில்லியன் டாலருக்கு ரெட் ஹேட்டை வாங்கியது. 2020 டிசம்பர் 8ஆம் தேதி இடி விழுந்தது. 2029 வரை ஆதரவு என்று நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். இனி ஸ்ட்ரீம் மட்டுமே என்றார்கள். ஸ்ட்ரீம் என்பது ரெட் ஹேட்டின் அடுத்த பதிப்புக்கு முன்னால் ஓடும் வண்டி, பின்னால் வரும் நகல் அல்ல. 7இலிருந்து 8க்கு அப்போதுதான் மாறியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 7இலேயே சோம்பிக் கிடந்தவர்களுக்கு 2024 ஜூன் 30 வரை நேரம் கிடைத்தது!

சில மாதங்களில் இரண்டு மாற்றுகள் வந்தன. கிளவுட்லினக்ஸ் நிறுவனத்தின் முயற்சியில் 2021 மார்ச்சில் அல்மா. சென்ட்ஓஎஸ் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சரின் முயற்சியில் ஜூனில் ராக்கி. மறைந்த தன் கூட்டாளி ராக்கி மெக்காவின் பெயரையே வைத்தார். 2023 ஜூனில் ரெட் ஹேட் மறுபடி ஒரு கதவைச் சாத்தியது: பொதுவெளியில் ஸ்ட்ரீமின் நிரல் மட்டும் கிடைக்கும், என்டர்பிரைசின் நிரல் வாடிக்கையாளர்களுக்குத்தான். ராக்கி, வேறு வழிகளில் நிரலைப் பெற்று வரிக்கு வரி நகலாகவே தொடர்வது என்றது. அல்மா அந்தப் பிடிவாதத்தை விட்டது; ரெட் ஹேட்டில் ஓடும் மென்பொருள் தன்னிலும் ஓடினால் போதும் என்ற நிலைக்கு வந்தது. அப்போது நான் அல்மாவின் முடிவைக் கோழைத்தனம் என்று நினைத்தேன். இப்போது அதுதான் சரியான பக்கம் என்று தோன்றுகிறது. காரணத்தைத் தம்பியின் லேப்டாப்பே காட்டிக்கொடுத்தது.

மின்ட் போட்டாயிற்று. அதற்குள் கேவிஎம் வழியே மெய்நிகர் கணினிகள் இரண்டு என்பது திட்டம். தினப்பாட்டுக் கணினியிலேயே சர்வர் பழகாதே என்பது நான் கண்டிப்பாகச் சொல்லும் ஒரே விதி. உடைப்பதற்கு ஒன்று வேண்டும், உடைத்ததை எப்படிச் சரிசெய்வது என்று தேடுவதற்கு உடையாத ஒன்று வேண்டும். ஆளுக்கு 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம், வரைகலை கிடையாது. முதலாவதில் டெபியன் 13 அழகாக ஏறியது. இரண்டாவதில் ராக்கி 10ஐப் போடப் பார்த்தால், தொடக்கத்திலேயே கீழே விழுந்தது. ரெட் ஹேட் 10 முதல் 'எக்ஸ்86-64 வி3' என்ற தரத்து பிராசசர் வேண்டும். இன்டெல்லில் அது 2013இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்துதான். தம்பியுடையது மூன்றாம் தலைமுறை. ஒரு தலைமுறையில் தவறிவிட்டது. அல்மா 10க்கு மட்டும் பழைய பிராசசர்களுக்கென்று 'வி2' கட்டமைப்பும் தனியே இருக்கிறது. வரிக்கு வரி நகல் என்ற கட்டு இல்லாததால் செய்ய முடிந்த காரியம். அதைப் போட்டதும் ஓடியது.

அன்று சாயங்காலம் இரண்டிலும் அப்பாச்சி வெப் சர்வரை நிறுவச் சொன்னேன். டெபியனில் 'ஆப்ட்' கொண்டு அப்பாச்சி2 என்ற பொதியை நிறுவிய கணமே அது ஓடத் தொடங்கிவிட்டது. பிரவுசரில் முகவரி போட்டால் வரவேற்புப் பக்கம். அல்மாவில் பொதியின் பெயரே வேறு, எச்டிடிபிடி. நிறுவியபின் அது சும்மா இருந்தது. 'சிஸ்டம்சிடிஎல்' கொண்டு எழுப்ப வேண்டும். எழுப்பினான், பக்கம் வரவில்லை. ஃபயர்வால் சாத்தியிருந்தது. திறந்தான், வரவேற்புப் பக்கம் வந்தது. அடுத்து தன் வீட்டு அடைவில் எழுதி வைத்திருந்த எச்டிஎம்எல் கோப்பை 'எம்வி' கட்டளையால் வெப் அடைவுக்கு நகர்த்தினான். 403, அனுமதி இல்லை. கோப்பு அனுமதிகளைப் பார்த்தான், எல்லாம் சரி. எல்லோருக்கும் 777 கொடுத்தும் பார்த்தான். அப்போதும் 403.

ஒரு மணி நேரம் விட்டுவைத்தேன். பிறகு 'எல்எஸ்' கட்டளையோடு பெரிய இசட்டைச் சேர்த்து அடிக்கச் சொன்னேன். கோப்பின் நெற்றியில் 'இது வீட்டு அடைவுக் கோப்பு' என்ற எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு முத்திரை அப்படியே இருந்தது. நகர்த்தும்போது பழைய முத்திரையும் கூடவே வந்துவிடும்; நகலெடுத்திருந்தால் புது இடத்து முத்திரை விழுந்திருக்கும். வெப் சர்வருக்கு வீட்டு முத்திரைக் கோப்பைத் தொட உரிமையில்லை. 'ரெஸ்டோர்கான்' என்று ஒரு கட்டளை, பக்கம் வந்துவிட்டது. டெபியனிலும் உபுண்டுவிலும் இந்த இடத்தில் இருப்பது ஆப்ஆர்மர். அது கோப்பு இருக்கும் பாதையைப் பார்க்கும், முத்திரையை அல்ல. அதனால் இந்த 403 அங்கே வராது. "எஸ்இலினக்சை டிசேபிள் பண்ணிட்டா சரியாயிடும்னு ஒரு வீடியோல சொன்னாங்கண்ணா" என்றான். இன்டர்வியூவில் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அத்தோடு இன்டர்வியூ முடிந்தது.

இதனால்தான் சர்வர் பழக ஒன்று போதாது, குடும்பத்துக்கு ஒன்றாக இரண்டு வேண்டும் என்கிறேன். லினக்ஸ் அறிவில் பெரும்பகுதி பொதுவானது: சிஸ்டம்டி, எஸ்எஸ்எச், கோப்பு அனுமதி, பதிவேடுகளை வாசிப்பது. மாறும் மிச்சப் பகுதிதான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அவமானப்படுத்தும். ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ்த் தேர்வு எழுத நினைப்பவர் அல்மாவைக் கூடுதலாகப் பழக வேண்டும். அது கொள்குறித் தாள் அல்ல, ஓடும் கணினியில் செய்து காட்டும் தேர்வு. ரெட் ஹேட்டிலேயே பழக விரும்பினால் அவர்களின் டெவலப்பர் கணக்கில் தனிநபருக்கு 16 கணினி வரை இலவசம். அலுவலக லேப்டாப்பில் விண்டோசை அகற்ற முடியாதவர்களுக்கு விண்டோசுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இருக்கிறது. கட்டளைகள் பழக அது நல்லது. பூட் ஆவது, டிஸ்க் பிரிப்பது, ஃபயர்வால் பழக அது உதவாது.

கொஞ்சம் காசிருந்தால் மாத வாடகைக்குச் சிறிய கிளவுட் சர்வர் ஒன்று எடுங்கள். பொது முகவரி கிடைத்த சில நிமிடங்களிலேயே முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து ரூட் கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டும் முயற்சிகள் பதிவேட்டில் வரிசையாக விழும். பாதுகாப்பு பற்றி எத்தனை மணி நேரம் பாடம் கேட்டாலும் அந்தப் பதிவேடு தரும் பயத்துக்கு ஈடில்லை.

தம்பியின் கணினியில் இப்போது இருப்பது மேசைக்கு மின்ட், உள்ளே டெபியன் 13, அல்மா 10. இந்த மூன்றையும் ஓராண்டு மாற்றுவதில்லை என்று சொல்லியிருக்கிறான். பார்ப்போம்.

நீங்கள் எதை இறக்கினாலும் பென்டிரைவில் எழுதும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். 2016 பிப்ரவரி 20ஆம் தேதி லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் யாரோ புகுந்து, பின்வாசல் வைத்த போலிக் கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். அன்று இறக்கியவர்களில் கோப்பின் சரிபார்ப்புத் தொகையை, அதாவது செக்சம்மை, முந்தைய அறிவிப்போடு ஒப்பிட்டவர்கள் தப்பினார்கள். ஷா256 ஒப்பிட ஒரே ஒரு கட்டளை, அரை நிமிடம்.